ஃப்ளட்டர் செயலியில் எழுத்து திணறினால் எங்கே கை வைப்பது

கதையை உரக்க வாசித்துக்காட்டும் செயலி ஒன்றை ஃப்ளட்டரில் (செயலி எழுத கூகுள் தரும் கருவித்தொகுப்பு) எழுதிக்கொண்டிருந்தேன். குரல் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல் மட்டும் மஞ்சள் பின்னணியில் தடித்துத் தெரிய வேண்டும். என் புதுப் போனில் ஜோராக ஓடியது. இழுப்பறையில் கிடந்த ஆறு வருடப் பழைய போனில் போட்டதும் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் திரை விக்கியது. விரலால் தள்ளினால் பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. போதாக்குறைக்கு, ஒரு சொல் தடித்தவுடன் அதன் அகலம் கூடி, வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தாவும். குரல் நகர்ந்ததும் திரும்பி மேலே ஏறும். கூடவே படிப்பவரின் கண் எதைப் பிடித்துக்கொண்டு போகும்?

அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களெல்லாம் ஃப்ளட்டருடையவை.

முதலில் அளந்து பாருங்கள்

டீபக் முறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்த முறையில் நிரல் ஓட ஓடத்தான் தொகுக்கப்படுகிறது, அசெர்ட் சோதனைகளும் கூடவே ஓடுகின்றன. வேகத்தை அளப்பதற்கென்றே உள்ள ப்ரொஃபைல் முறையில், உண்மையான போனில் ஓட்டுங்கள். எமுலேட்டரில் ப்ரொஃபைல் முறை ஓடாது. அது ஒரு வகையில் நல்லதுதான். கையில் இருப்பதிலேயே நோஞ்சான் போனாகப் பார்த்து எடுங்கள்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒரு முறை புதிதாக வரைய, 16 மில்லிநொடிக்குச் சற்று மேல் கிடைக்கும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3 தான். ஃப்ளட்டரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு பட்டைகள் வரும்: யூஐ த்ரெட் ஒன்று, ராஸ்டர் த்ரெட் ஒன்று. யூஐ பட்டை நீண்டிருந்தால் பில்ட்டிலோ (விட்ஜெட்டுகளை, அதாவது திரையின் துண்டுகளை, உருவாக்குவது) லேஅவுட்டிலோ (அவற்றை அளந்து இடம் வைப்பது) சிக்கல். ராஸ்டர் பட்டை நீண்டிருந்தால் வரைவதில் சிக்கல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் கண்ட இடத்தில் ரீபெயின்ட்பவுண்டரியை (ஒரு பகுதியைத் தனியாக வரையப் பிரித்து வைக்கும் விட்ஜெட்) ஒட்டிக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன்.

யூஐ பட்டைதான் நீளம் என்றால், அதே பக்கத்தில் 'ட்ராக் லேஅவுட்ஸ்' வசதியைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பொருள் லேஅவுட் ஆகிறது என்று டைம்லைனில் பெயரோடு வரும். என் செயலியில் ரெண்டர்பேராகிராஃப் என்ற பெயர் சொல்லுக்கு ஒரு முறை தவறாமல் வந்தது. அந்த வசதி போட்டிருக்கும்போது அதுவே கொஞ்சம் நேரத்தைத் தின்னும். ஆளைப் பிடிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை அளக்கும்போது அணைத்துவிடுங்கள்.

ஒரு பத்தி திரைக்கு வரும் வழி

நாம் எழுதும் டெக்ஸ்ட் விட்ஜெட் உள்ளே ரிச்டெக்ஸ்ட் ஆகிறது. அதற்குப் பின்னால் ரெண்டர்பேராகிராஃப், அதன் கையில் ஒரு டெக்ஸ்ட்பெயின்டர், அதற்கும் கீழே என்ஜினில் பேராகிராஃப். உண்மையான பாடு கடைசி இடத்தில்தான். எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் உட்கார்ந்து எழுத்து வடிவங்களைக் கோக்க வேண்டும். எங்கெங்கே வரியை உடைக்கலாம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் கிடைத்த அகலத்துக்குள் வரிகளை அடுக்க வேண்டும்.

கோப்பது என்றால் என்ன? 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இரண்டு குறியெண்கள்: க, பிறகு ஒகரக் குறி. திரையில் தெரிவதோ மூன்று துண்டுகள், கொம்பு முன்னால், கால் பின்னால். 'க்ஷ' நேர் எதிர்: மூன்று குறியெண்கள் சேர்ந்து ஒரே வடிவம். எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் பார்த்து இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது ஹார்ஃப்பஸின் வேலை.

இது முடிந்துவிட்டால் வரைவது சுலபம். எந்த வடிவம் எந்த இடத்தில் என்பது தெரியும். வடிவங்களின் படங்கள் ஜிபியூவில் ஒரு பெரிய பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். பழைய அச்சகம் மாதிரி. அச்சுக் கோப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும், கோத்த அச்சில் தாளை அழுத்துவது நொடி வேலை. திணறும் செயலிகளில் நான் பார்த்தவரை, கோத்து வைத்த அச்சை யாரோ ஒவ்வொரு ஃபிரேமிலும் கலைத்துக்கொண்டிருப்பார்கள்.

யார் கலைக்கிறார்கள்

பில்ட் மறுபடி ஓடினாலே எல்லாம் கலைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். புது டெக்ஸ்ட்ஸ்பான் (சொற்களும் அவற்றின் பாணியும் சேர்ந்த துண்டு) வந்ததும் ரெண்டர்பேராகிராஃப் அதைப் பழையதோடு ஒப்பிடும். நான்கு விடைகளில் ஒன்று வரும்: இரண்டும் ஒன்றே, மெட்டாடேட்டா மட்டும் வேறு, பெயின்ட் வேறு, லேஅவுட் வேறு. ஒன்றே என்றால் அப்படியே திரும்பிவிடும். சொற்களும் பாணியும் மாறாதவரை பில்ட் பத்து முறை ஓடினாலும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

எழுத்தளவு, தடிமன், எழுத்துரு, எழுத்து இடைவெளி, நிழல் இவற்றில் ஒன்று மாறினாலும் லேஅவுட். அது நியாயம். ஆனால் ஃபோர்கிரவுண்ட் என்று பாணியில் கொடுக்கிறோமே, ஒரு பெயின்ட் பொருள், அதுவும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. பெயின்ட் பொருள்களை ஒப்பிடும்போது உள்ளே இருக்கும் மதிப்புகளை யாரும் பார்ப்பதில்லை, அதே பொருளா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எழுத்துக்கு வெளிக்கோடு போடுவதற்காகப் பில்ட்டுக்குள் புதிதாக ஒரு பெயின்ட் செய்து கொடுத்தால், ஒவ்வொரு பில்ட்டுக்கும் ஒரு முழு லேஅவுட். கண்ணுக்கு ஒன்றுமே மாறியிருக்காது. பெயின்ட்டை ஒரு முறை செய்து ஸ்டேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

அடுத்தது நிறம். நிறம் மாறினால் விடை பெயின்ட் என்றுதான் வரும், ஆகவே மலிவு என்று நம்பியிருந்தேன். மூல நிரலைத் திறந்து படித்தபோது முகம் தொங்கிவிட்டது. என்ஜினின் பேராகிராஃபுக்குள் நிறம் சேர்ந்தே உறைந்திருப்பதால், டெக்ஸ்ட்பெயின்டர் வரையும் நேரத்தில் புதுப் பேராகிராஃப் கட்டி, அதே அகலத்துக்கு மறுபடி அடுக்குகிறது. பெற்றோர் விட்ஜெட்டுகளின் லேஅவுட் ஓடாது என்பதுதான் மிச்சம். நீண்ட பத்தியின் நிறத்தை அனிமேஷனில் மாற்றினால் ஃபிரேமுக்கு ஒரு முறை இந்தக் கூத்து நடக்கும். மெல்ல மறைவதும் தோன்றுவதும்தான் வேண்டும் என்றால் ஃபேட்ட்ரான்சிஷன் போடுங்கள், அது எழுத்தைத் தொடாமல் மேலிருக்கும் லேயரின் ஒளிபுகுதன்மையை மட்டும் மாற்றும். அனிமேஷன் இல்லாமல் நிரந்தரமாக மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றால் எழுத்தின் நிறத்திலேயே ஆல்ஃபாவைக் குறைத்துவிடுங்கள், ஒபாசிட்டி விட்ஜெட்டே வேண்டாம்.

வாசிக்கும் சொல்லை எழுத்தைத் தொடாமல் காட்டுவது

என் பழைய நிரல் சொல் மாறும்போதெல்லாம் பத்தியை மூன்று ஸ்பான்களாக வெட்டியது: முன்னால் இருப்பது, இப்போதைய சொல், பின்னால் இருப்பது. நடுவில் உள்ளதற்குத் தடித்த பாணி. ஒப்பீட்டின் விடை ஒவ்வொரு முறையும் லேஅவுட். வாசிப்பு வேகத்தில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் முழுப் பத்தியும் புதிதாகக் கோக்கப்பட்டது.

இப்போது இருப்பது இப்படி. பத்தியின் டெக்ஸ்ட்ஸ்பானை இனிட்ஸ்டேட்டில் ஒரே முறை செய்து வைக்கிறேன். அதே பொருளையே ஒவ்வொரு பில்ட்டிலும் கொடுப்பதால் ஒப்பீடு முதல் வரியிலேயே முடிந்துவிடும். அந்த ரிச்டெக்ஸ்டை வெளியிலிருந்து பிடிக்க ஒரு குளோபல்கீ. அதைச் சுற்றி ஒரு கஸ்டம்பெயின்ட், அதன் பெயின்டர் குழந்தைக்குப் பின்னால் வரையும். இப்போதைய சொல்லின் தொடக்கமும் முடிவும், மதிப்பு மாறினால் தகவல் சொல்லும் ஒரு வேல்யூநோட்டிஃபையரில் இருக்கின்றன. அந்த நோட்டிஃபையரைப் பெயின்டரின் 'ரீபெயின்ட்' அளபுருவாகக் கொடுத்துவிட்டேன். குரல் நகர்ந்தால் நோட்டிஃபையர் மாறும், பெயின்டர் மட்டும் மறுபடி வரையும். பில்ட்டும் இல்லை, லேஅவுட்டும் இல்லை.

பெயின்டருக்குள் செய்வது நான்கே வரி. குளோபல்கீ வழியாக ரெண்டர்பேராகிராஃபைப் பிடித்து, கெட்பாக்ஸஸ்ஃபார்செலக்‌ஷன் என்ற முறையிடம் சொல்லின் எல்லையைக் கொடுத்தால், அந்தச் சொல் இருக்கும் செவ்வகங்களின் பட்டியல் வரும். சொல் இரண்டு வரிகளில் பிரிந்து கிடந்தால் இரண்டு செவ்வகம், ஆகவே முதல் செவ்வகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பிக்சல் பெரிதாக்கி, மூலையை வளைத்து, மஞ்சளில் நிரப்பினால் வேலை முடிந்தது. எழுத்தைத் தனி ரீபெயின்ட்பவுண்டரிக்குள் வைத்தால் மஞ்சள் நகரும்போது எழுத்தின் வரைபடம் மறுபடி பதிவாகாது. இது சின்ன லாபம்தான். பெரிய லாபம் முன்பே வந்துவிட்டது.

மூன்று இடத்தில் வழுக்கினேன். ரிச்டெக்ஸ்டை நேரடியாகப் பயன்படுத்தினால், டெக்ஸ்ட் விட்ஜெட் நமக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இரண்டு காரியங்கள் நின்றுபோகும். செயலியின் இயல்பு எழுத்துப் பாணி வராது. பயனர் போனில் வைத்திருக்கும் எழுத்துப் பெரிதாக்கும் அமைப்பும் வராது. பாணியை நீங்களே கொடுங்கள். மீடியாகுவரியின் டெக்ஸ்ட்ஸ்கேலர்ஆஃப் மூலம் ஸ்கேலரையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது, பேச்சு என்ஜின் சொல்லும் தொடக்கமும் முடிவும் நாம் அதற்குக் கொடுத்த சரத்தைப் பொறுத்தவை. மேற்கோள் குறிகளை நீக்கிவிட்டுத்தான் அதற்கு அனுப்பினேன், திரையில் குறிகளோடு காட்டினேன். பத்தி நகர நகர மஞ்சள் பட்டை சொல்லைவிட்டு விலகிக்கொண்டே போனது. ஒரு மாலை முழுக்கப் பெயின்டரைச் சந்தேகப்பட்டேன், பாவம். மூன்றாவது தடிமன். சொல் தடிக்காது என்று வடிவமைப்பாளரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. வரி தாவுவதைக் காட்டியதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

பட்டியல்களும் நீண்ட பக்கங்களும்

ஒரு அத்தியாயம் முழுவதையும் ஒரே டெக்ஸ்டாக உருளும் பெட்டிக்குள் போடாதீர்கள். திரையில் பத்து வரிதான் தெரியும், ஆனால் அத்தியாயம் மொத்தமும் கோக்கப்பட்ட பிறகுதான் முதல் ஃபிரேம் வரும். பத்தி பத்தியாகப் பிரித்து லிஸ்ட்வியூ பில்டரில் கொடுங்கள்; தெரிவதும் அதற்கு அடுத்ததும் மட்டும் கோக்கப்படும். அதை இன்னொரு உருளும் பெட்டிக்குள் வைத்து, உள்ளடக்கத்துக்கேற்ப உயரத்தை அமைக்கும் ஷ்ரிங்க்ராப்பை உண்மை என்று வைத்தால் இந்தச் சலுகை பறிபோகும், எல்லாக் குழந்தைகளும் அளக்கப்படும். பத்திகளைத் தாண்டித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் செலக்‌ஷன்ஏரியா இருக்கிறது, 2022இல் 3.3 பதிப்போடு வந்தது.

முன்னோட்ட அட்டைகளில் இன்னொரு கண்ணி. இரண்டு வரி மட்டும் காட்ட மேக்ஸ்லைன்ஸை 2 என்று வைப்போம், ஆனால் சரமாக முழுக் கதையையும் கொடுத்திருப்போம். எழுத்துக் கோக்கும் வேலை முழுச் சரத்துக்கும் நடக்கும், வரியாக வெட்டும்போதுதான் இரண்டோடு நிற்கும். அட்டைக்கு முதல் 200 எழுத்து போதும், அதை மட்டும் கொடுங்கள். வெட்டும்போது சப்ஸ்ட்ரிங் வேண்டாம். அது 'கொ'வுக்கு நடுவில் வெட்டி 'க' என்று விட்டுவிடும். கேரக்டர்ஸ் தொகுப்பின் டேக் முறை எழுத்து எழுத்தாக எண்ணும்.

அதே அட்டைகளில் டெக்ஸ்ட்ஓவர்ஃப்ளோவை ஃபேட் என்று வைத்தால், எழுத்து வழியும் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சேவ்லேயர், அதாவது தனியாக வரைந்து பிறகு ஒட்டும் ஒரு அடுக்கு, போடப்படுகிறது. ராஸ்டர் பட்டை நீள இது ஒன்றே போதும். எலிப்சிஸ் போடுங்கள், மூன்று புள்ளியில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மங்கிய நிழலும் ஷேடர்மாஸ்க்கில் செய்த வண்ணக் கலவையும் இதே ரகம். தலைப்பில் ஒன்று இருக்கலாம், உருளும் வரிசையில் வேண்டாம்.

இன்ட்ரின்சிக்ஹைட் பற்றி ஒரே வாக்கியம்: அது உயரத்தைக் கேட்க ஒரு முறை, உண்மையாக வைக்க ஒரு முறை என்று எழுத்தை அளக்க வைக்கிறது, பட்டியல் வரிசைக்குள் அதை நுழையவிடாதீர்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் எண்கள்

எத்தனை நிமிடம் வாசித்தாயிற்று என்று காட்டும் கடிகாரம் எழுத்தை மாற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஐந்து எழுத்தைக் கோப்பது ஒரு செலவே இல்லை. அதன் அகலம் மாறும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் எழுப்பிவிடுவதுதான் வம்பு. லேஅவுட் கேட்ட பொருள் மேலே மேலே ஏறி, ஏதாவது எல்லையில்தான் நிற்கும். அகலமும் உயரமும் நிர்ணயித்த சைஸ்ட்பாக்ஸுக்குள் வைத்தால் அங்கேயே எல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்காக அந்த அளவையும் ஸ்கேலரால் பெருக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண் வெட்டுப்படும். ஃபான்ட்ஃபீச்சரில் டேபுலர்ஃபிகர்ஸ் போட்டால், எழுத்துரு அதை ஆதரிக்கும்பட்சத்தில், 1க்கும் 8க்கும் ஒரே அகலம், கடிகாரம் ஆடாது.

வரைபடத்தின் அச்சுகளில் எண் எழுதுகிறவர்கள் பெயின்ட் முறைக்குள்ளேயே டெக்ஸ்ட்பெயின்டரை உருவாக்கி, லேஅவுட் அழைத்து, வரைந்துவிட்டுப் போவார்கள். ஃபிரேமுக்கு இருபது எண் என்றால் இருபது முறை கோப்பு. வெளியே ஒரு மேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாறாத டெக்ஸ்ட்பெயின்டரில் லேஅவுட்டை மறுபடி அழைத்தாலும் அது சட்டென்று திரும்பிவிடும். வேலை முடிந்ததும் டிஸ்போஸ் செய்ய மறக்க வேண்டாம்.

எழுத்துரு

இணையத்திலிருந்து ஓடும்போது எழுத்துருவை இறக்கினால், அது வந்து சேர்ந்த கணத்தில் திரையில் இருக்கும் எல்லா எழுத்தும் மறுபடி கோக்கப்படும். நான்கு தடிமனை நான்கு முறையாக இறக்கினால் நான்கு அதிர்வு. செயலியோடு கட்டி அனுப்புவது உத்தமம். முடியாவிட்டால் ஃபான்ட்லோடரால் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டு, அப்புறம் முதல் திரையைக் காட்டுங்கள்.

ரோபோட்டோவில் தமிழ் இல்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழ்ச் சரத்தைக் கொடுத்தால், வேறு எங்கே கிடைக்கும் என்று என்ஜின் போனின் எழுத்துருக்களில் தேடும். எது கிடைக்கும் என்பது போனுக்குப் போன் மாறும், வரி உயரமும் கூடவே மாறும். ஃபான்ட்ஃபேமிலிஃபால்பேக்கில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சொல்லி, கோப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

பின்னணியில் கோக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டின் சொந்த வியூ அமைப்பில் 9ஆம் பதிப்பிலிருந்து ப்ரீகம்ப்யூட்டட்டெக்ஸ்ட் அதற்கென்றே இருக்கிறது. ஃப்ளட்டரில் பேராகிராஃபைத் தனி ஐசொலேட்டில் (பின்னணியில் தனியாக ஓடும் நிரல்) கட்ட வழியில்லை. மார்க்டவுனைப் பிரிப்பது, சுட்டிகளைத் தேடுவது போன்ற சர வேலைகளை மட்டும் அங்கே தள்ளலாம். பில்ட்டுக்குள் ரெஜெக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைத் தள்ளுங்கள்.

எழுத்தளவு நகர்த்தி

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு இடம் திணறியது: வாசகர் எழுத்தளவை மாற்றும் நகர்த்தி. விரல் நகர நகர முழுப் பக்கமும் புது அளவில் கோக்கப்பட்டாக வேண்டும், இதில் தப்பிக்க வழியே இல்லை. ட்ரான்ஸ்ஃபார்ம் வைத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பார்த்தேன். லேஅவுட் போய்விட்டது, ஆனால் ஒவ்வொரு புது அளவுக்கும் எழுத்துப் படங்களைப் புதிதாக வரைய வேண்டியிருந்ததால் ராஸ்டர் பட்டை நீண்டது. வரிகளும் திரைக்கு வெளியே வழிந்தன. கடைசியில் நகர்த்திக்கு மேலே ஒரே ஒரு மாதிரி வரி வைத்தேன். விரல் நகரும்போது அது மட்டும் மாறும். விரலை எடுத்ததும், ஆன்சேஞ்ச்எண்ட் அழைக்கப்படும்போது, பக்கம் ஒரே முறை புது அளவுக்கு மாறும். பழைய போனில் அந்த ஒரு ஃபிரேம் டெவ்டூல்ஸில் இன்னும் சிவப்பாகத்தான், அதாவது நேரம் தாண்டியதாகத்தான், வருகிறது. விரல் ஏற்கெனவே திரையை விட்டிருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.